மிதிக்காத கால்

நிலாவுக்குப் போய் வந்த மூன்று பேருடன் ஹூஸ்டனில் ஒரு கட்டடத்துக்குள் மூன்று வாரம் அடைந்து கிடந்தவன் நான். என் பெயர் வெர்னன் ப்ளை. நான் நிலாவுக்குப் போகவில்லை. விமானத்தில் ஏறினாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். விண்வெளித் துறையின் செய்திப் பிரிவில் உத்தியோகம். வீரர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள், யாருக்காவது தும்மல் வந்ததா என்பதையெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் நிருபர்களுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். அதற்காக என்னையும் சேர்த்துப் பூட்டினார்கள். சமைத்துப் போட டூலி என்று ஒரு சமையல்காரரும் எங்களோடு இருந்தார்.

அடைத்ததற்குக் காரணம் கிருமி. நிலாவில் கிருமி இருக்கலாம் என்று சில பெரிய படிப்பாளிகள் சொன்னார்கள். இல்லாமலும் இருக்கலாம் என்று வேறு சில படிப்பாளிகள் சொன்னார்கள். இரண்டு கட்சியையும் திருப்திப்படுத்த ஒரு கட்டடம் கட்டினார்கள். உள்ளே காற்று வரலாம், வெளியே போகக் கூடாது. குளித்த தண்ணீரைக் கொதிக்க வைத்த பிறகுதான் சாக்கடைக்கு அனுப்புவார்கள். பக்கத்துப் பிரிவில் எலிக்கும் காடைக்கும் கரப்பான்பூச்சிக்கும் நிலாத் தூசியை ஊட்டிவிட்டு, சாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரப்பான்பூச்சி ஒன்றுகூடச் சாகவில்லை. ஹூஸ்டன் கரப்பான்பூச்சி எதற்குச் சாகப் போகிறது?

இத்தனை கெடுபிடியும் கரைக்கு வந்த பிறகுதான். விண்கலம் பசிபிக் கடலில் விழுந்ததும் நடுக்கடலிலேயே கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே இருந்த காற்றும் தூசியும் ஜோராகக் கடலோடு போய்ச் சேர்ந்தன. அதற்கப்புறம் வீரர்களுக்கு முகமூடி மாட்டி, மருந்துத் தண்ணீரால் துடைத்து, துடைத்த துணியையும் கனம் கட்டிக் கடலிலேயே போட்டார்கள். அந்தக் கடலின் மீன்களை யாரும் பிடித்து அடைத்து வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

கட்டடத்துக்குத் தலைவர் டாக்டர் ப்ரெண்டிஸ். நல்ல உயரம், நல்ல கோட்டு, நல்ல குரல். என் அனுமதி இல்லாமல் இங்கிருந்து ஒரு மூச்சுகூட வெளியே போகாது என்று யார் வந்தாலும் சொல்வார். தடுப்பு எங்கேயாவது உடைந்தது தெரியவந்தால் மூன்று வாரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பது அவர் போட்ட விதி. இப்படி ஒரு விதியை நிறையப் படித்தவர்களால்தான் போட முடியும். உடைந்ததைச் சொன்னவனுக்கே தண்டனை என்றால் எவன் வாயைத் திறப்பான்?

இனி அந்த மூன்று பேர். தலைவர் டுவெய்ன் மேப்ரி. அவருக்கு அடுத்தவர் லைல் கட்ஷா. இவர்கள் இருவரும் நிலாவில் இறங்கி நடந்தார்கள், கொடி நட்டார்கள், கல் பொறுக்கினார்கள். மூன்றாமவர் ஹார்லன் டீக். அவர் இறங்கவில்லை. மற்றவர்கள் கீழே இருந்த நேரம் முழுக்கத் தாய்க்கலத்தில் தன்னந்தனியாக நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் சரியாகச் சுற்றாமல் போயிருந்தால் மற்ற இருவரும் இன்றைக்கும் அங்கேதான் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் உலகம் அப்படியெல்லாம் யோசிக்குமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் மேப்ரியிடமும் கட்ஷாவிடமும் மண் எப்படி இருந்தது, நடை எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு, டீக்கிடம் உடம்பு நன்றாக இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். ஒரு செனட்டரின் மனைவி, வண்டியை ஓட விட்டுக்கொண்டு காத்திருந்தவர் நீங்கள்தானே என்று கேட்டார். கூட இருந்த இரண்டு பேரும் அன்றிலிருந்து அவரை டிரைவர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

டீக் சிரித்துக்கொள்வார். உள்ளே எரிந்தது எனக்குத் தெரியும். அடைபட்ட முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ப்ளை, எழுதும்போது மூணு பேரும் நிலாவுக்குப் போனாங்கன்னு எழுதுங்க. அவன் இறங்கினான், இவன் இறங்கலைன்னு பிரிச்சுப் பிரிச்சு எழுத வேணாம்."

"அது உண்மைதானே?"

"மூணு பேரும் போனோம்கிறதும் உண்மைதானே? அந்த உண்மைய எழுதுங்களேன்."

பூசி மெழுகுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எழுதினேன். நிலவை வென்ற மூவர், மூன்று ஜோடிக் கால்கள் என்று விளாசித் தள்ளினேன். நாட்டில் பாதிப் பேர் ஹார்லன் டீக்கும் நிலாவில் நடந்தார் என்று நம்பியதற்கு என் கைங்கரியமும் காரணம்.

டீக்குக்கு ஒரே மகள், மார்லிஸ். மனைவி போன பிறகு, பயிற்சிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஓடி ஓடித் தனியாளாக வளர்த்த பெண். அவளுக்கு வெல்டன்பர்க் என்ற ஊரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்களைத் திறந்துவிடும் நாளுக்கு மறுநாள், சனிக்கிழமை. தள்ளிப் போட வழியே கிடையாது, ஏனென்றால் மாப்பிள்ளை எமில் திங்கட்கிழமை வியட்நாமுக்குக் கப்பல் ஏற வேண்டும். எங்கள் நாடு அந்த வருஷங்களில் சிலரை மேலே அனுப்பிக் கையைத் தட்டியது, பலரைக் கிழக்கே அனுப்பிவிட்டுப் பேச்சை மாற்றியது.

டீக்குக்கு ஒரே ஆசைதான். சர்ச் வாசலில் மகளின் கையைப் பிடித்து, நடுப்பாதையில் நடத்திப் போய், மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். இதைத் தவிர வேறு பேச்சே இல்லை. தினமும் மத்தியானம் தாழ்வாரத்தில் ஒத்திகை நடக்கும். டூலி மேஜைத் துணியை இடுப்பில் கட்டிப் பின்னால் இழுபடவிட்டு மணப்பெண்ணாக வருவார். மேப்ரி வாயாலேயே ஆர்கன் வாசிப்பார். நிலாவில் நடந்த கட்ஷா சுவரில் சாய்ந்துகொண்டு நடை சொல்லிக்கொடுப்பார்.

"மெதுவா, டிரைவர். பொண்ணுதான் முன்னால போகணும். நீ என்ன ராக்கெட்டையா பிடிக்கப் போற?"

டூலிக்கு மீசை அடர்த்தி. அந்த மீசையோடு அவர் வெட்கப்பட்டு நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நிலாப் பயணமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாவது வாரத்தில் எறும்பு வந்தது.

முதலில் பார்த்தது டூலி. சர்க்கரை டப்பாவிலிருந்து கிளம்பிய வரிசை சமையல் மேடை வழியாகப் போய், சுவர் மூலையில் ஒரு குழாயின் ஓரமாக இறங்கியது. நாங்கள் ஐந்து பேரும் மண்டியிட்டுப் பார்த்தோம். சந்தேகமே இல்லை. டெக்சஸ் எறும்பு. வெளியே புல்தரையிலிருந்து வந்து, எங்கள் பிஸ்கட் தூளைத் தூக்கிக்கொண்டு மறுபடி வெளியே போகிறது. ஒரு மூச்சுகூட வெளியேறாத கட்டடத்தில் எறும்பு பஸ் சர்வீஸ் நடத்திக்கொண்டிருந்தது.

சொன்னால் கணக்கு முதலிலிருந்து. கணக்கு முதலிலிருந்து என்றால் சனிக்கிழமை போயிற்று. டீக் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"விதிப்படி சொல்லணும்" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மேப்ரி குனிந்து முதல் எறும்பைக் கட்டைவிரலால் நசுக்கினார். "எதை சொல்லணும்? எனக்கு ஒண்ணும் தெரியலையே. உனக்குத் தெரியுதா, லைல்?"

"எனக்கு நிலாத் தூசி பட்டதுலருந்து கண்ணு சரியில்ல" என்றார் கட்ஷா.

நாடே கொண்டாடும் வீரர்களின் அன்றாட வேலை அதற்குப் பிறகு எறும்பு பிடிப்பதுதான். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர். குழாய் ஓரத்தை டூலி பிசைந்த மாவால் அடைத்தார். மாவு எறும்புக்கு மேலும் பிடித்துப் போயிற்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் நிருபர்களிடம், வீரர்கள் உற்சாகமாக உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் இல்லை. குனிந்து நிமிர்ந்துகொண்டேதான் இருந்தார்கள்.

திறப்பதற்கு முந்தின நாள் டாக்டர் ப்ரெண்டிஸ் வாஷிங்டன் ஆட்கள் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒழுகாத கட்டடம் நடத்தியதற்காக அவருக்குப் பதக்கம் கொடுக்கப் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். நாங்கள் ஐந்து பேரும் குளித்துத் தலைவாரிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்றோம். டாக்டர் மூச்சு விடாமல் மூச்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒரு தடியெறும்பு, எங்கள் பக்கத்துக் கண்ணாடியில், டாக்டரின் மூக்குக்கு நேராக ஏறியது.

டாக்டர் பார்த்தார். பேச்சு நின்றது. எறும்பும் நின்றது. டீக்கின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் கை சும்மா இருக்க முடியாமல் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. வாஷிங்டன் ஆள் ஒருவர் எட்டிப் பார்க்கப் போனார்.

டாக்டர் சட்டென்று கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். தன் பக்கத்துக் கண்ணாடியை அந்த இடத்தில் அழுத்தித் துடைத்தார். "துடைக்கிறவங்க சரியா துடைக்க மாட்டேங்கறாங்க. ஒரே கறை" என்றார். அவர் கைக்குட்டை மறைவில் மேப்ரி இந்தப் பக்கத்திலிருந்து எறும்பின் கதையை முடித்தார். கைக்குட்டை விலகியபோது கண்ணாடி சுத்தமாக இருந்தது, டாக்டர் தொடர்ந்து மூச்சைப் பற்றிப் பேசினார். மறுநாள் எங்களைத் திறந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு சான்றிதழ், டாக்டர் கையெழுத்தோடு. அவருக்குப் பதக்கமும் கிடைத்தது.

சனிக்கிழமை நானும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெல்டன்பர்க் போனேன். படத்தோடு செய்தி போட அலுவலக உத்தரவு. உத்தரவு இல்லாவிட்டாலும் போயிருப்பேன். மூன்று வாரம் ஒத்திகை பார்த்தவனுக்கு நாடகத்தைப் பார்க்க வேண்டாமா?

ஜெர்மன் வழி வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. தெரு முனையில் பெரிய துணிப் பதாகை: நிலாவில் நடந்த ஹார்லன் டீக்கை வெல்டன்பர்க் வரவேற்கிறது. நான் எழுதி எழுதிப் பரப்பிய வேலை, இங்கே சிவப்பு எழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. டீக் அதற்குக் கீழே காரை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். கழுத்துப் பட்டியைச் சரி செய்துகொண்டதில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. எனக்கும் அவரைக் கெடுக்க மனசு வரவில்லை.

சர்ச் வாசலில் சம்பந்தியம்மா ஒட்டிலி க்ராமர் நின்றுகொண்டிருந்தார். வீட்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று பேர் வாங்கிய பெண்மணி. முழங்கை வரைக்கும் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். டீக் கை நீட்டினார். அந்த அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க, சம்பந்தி. உங்களுக்கு அதோ அந்த பீக்கான் மரத்தடியில நாற்காலி போட்டிருக்கு. ஒலிபெருக்கி வச்சிருக்கோம், எல்லாம் நல்லா கேக்கும். பொண்ணை என் தம்பி கூட்டிட்டு வருவான்."

டீக்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சான்றிதழை எடுத்து நீட்டினார். எல்லாச் சோதனையும் ஆயிற்று, ஒரு கிருமியும் இல்லை, டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார். அந்த அம்மா காகிதத்தைத் தொடாமலே எட்டிப் பார்த்தார்.

"டாக்டர் கையெழுத்து போட்டிருக்காரு. சரி. கிருமிக்குப் படிக்கத் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அந்த டாக்டரின் கைக்குட்டையை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே நூறு பேர் கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் இரண்டு பேர் பின்வரிசையிலிருந்து எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தார்கள். பாதிரியார் வாசல் பக்கமே திரும்பாமல் பைபிளில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

பக்கத்து அறையிலிருந்து மார்லிஸ் வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவள் மூக்கு சிவந்தது. அப்பா நிலாவில் இறங்காதது அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் முடிந்தது. அப்பாவைப் பார்த்தாள், தெரு முனைப் பதாகையைப் பார்த்தாள், அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

"அப்பா இல்லாம நான் உள்ள போகலை, அத்தை. மரத்தடியிலேயே கல்யாணம் வைங்க. எமில் எங்கன்னாலும் சரின்னு சொல்வாரு."

"எங்க வீட்டுல யாரும் மரத்தடியில கல்யாணம் பண்ணினதில்லம்மா" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டம், கோபம் இருந்தால் சண்டை போடலாம். "என் பிள்ளை திங்கக்கிழமை போறான். போற இடத்துல அவனுக்கு என்ன வரும்னு எனக்குத் தெரியாது. அவன் இங்கருந்து ஒரு வியாதியையும் வாங்கிட்டுப் போகக் கூடாது. அந்த மண்ணை மிதிச்ச கால் இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்."

இதற்கு என்ன பதில் சொல்வது? நான் டீக்கைப் பார்த்தேன். பதில் அவர் வாயில்தான் இருந்தது. மூன்று வாரமாக, இல்லை, நிலாவுக்குக் கிளம்பியதிலிருந்தே அவர் யார் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது என்று காத்த பதில். ஊர்க் கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தெரு முனையில் பதாகை வேறு.

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"நான் மிதிக்கலைங்க" என்றார்.

"என்ன?"

"நான் நிலாவுல இறங்கலை. மத்த ரெண்டு பேரும்தான் இறங்கினாங்க. நான் மேலயே சுத்திக்கிட்டிருந்தேன்."

உள்ளே யாரோ ஒரு கிழவர், காது கேட்காமலோ கேட்டது போதாமலோ, என்ன சொல்கிறார் என்று கேட்டார். டீக் குரலை உயர்த்தி, பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் பாதிரியாருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார். "நான் வண்டி ஓட்டினவன்தாங்க. என் கால் அங்க படவே இல்ல."

சர்ச் முழுக்க ஒரு பெருமூச்சு. சம்பந்தியம்மாவின் முகம் மலர்ந்தது பாருங்கள், சொந்தப் பிள்ளை ஊர் திரும்பியது மாதிரி. கையுறையைக் கழற்றிவிட்டு டீக்கின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா, சம்பந்தி? நாங்க என்னமோ நீங்களும் நடந்தீங்கன்னு நினைச்சுப் பயந்துட்டோம்." இரண்டு கன்னத்திலும் முத்தம். கைக்குழந்தைக்காரிகள் பழைய இடத்துக்குத் திரும்பினார்கள். நான்கைந்து பேர் எழுந்து வந்து கை குலுக்கினார்கள். ஒன்றுமே இல்லை, டிரைவர்தானாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது என் காதிலும் விழுந்தது, டீக் காதிலும் விழுந்திருக்கும். சம்பந்தியம்மாவின் தம்பி வெளியே போய்ப் பதாகையை இறக்கச் சொன்னார். அது மத்தியான விருந்தில் தொத்திறைச்சி மேஜைக்கு விரிப்பாகக் கிடந்தது.

மேப்ரியும் கட்ஷாவும் தூசி அப்பிய உடையோடு தாய்க்கலத்துக்குள் திரும்பி வந்தார்கள் என்பதும், மூன்று பேரும் ஒரே டப்பாவுக்குள் அந்தத் தூசியைச் சுவாசித்துக்கொண்டே வீடு வந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இருமல் வந்தது டீக்குக்குத்தான் அதிகம். நான் வாயைத் திறக்கவில்லை. என் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த மௌனம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆர்கன் ஆரம்பித்தது. மார்லிஸ் அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டாள். படம் எடுக்க நான் பக்கவாட்டில் கூடவே நகர்ந்தேன். டீக் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தார், டூலியோடு பழகிய அதே நடை. அவர் காது மடல் சிவந்திருந்தது. பதாகையை இறக்குகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. ஒருவன் இத்தனை நாள் கட்டிக் காத்த பெருமையை அவிழ்ப்பதற்கு இரண்டு ஆணியைப் பிடுங்கினால் போதும் போலிருக்கிறது. எனக்கு அந்த ஊரின் மேலேயே ஆத்திரமாக வந்தது. எழுதியவன் நானாக இருந்தும் வந்தது.

பாதி தூரத்தில் சரக்கென்று ஒரு சத்தம். மார்லிஸ் நின்றாள். கவுனின் பின் விளிம்பு, டீக்கின் பளபளக்கும் பூட்ஸுக்கு அடியில் ஒரு சாண் கிழிந்திருந்தது. நூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மார்லிஸ் திரும்பாமல், உதடு அசையாமல் சொன்னாள்.

"அப்பா, கால எடுங்க."

டீக் குனிந்து பார்த்தார். காலை மெதுவாகத் தூக்கி, கிழிசலைத் தாண்டி, ஜாக்கிரதையாகத் தள்ளி வைத்தார்.

"மன்னிச்சுக்கம்மா. எனக்குக் கால் வச்சுப் பழக்கம் இல்ல."

அவள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. அப்பாவின் கையை முன்னைவிட இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மீதிப் பாதி தூரத்தையும் நடந்தாள்.